கஸ்டம் ரோம் போடுமுன் இந்த எண்ணைப் பாருங்கள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் பாவித்துவிட்டு அனுப்பிய போன் வன்னியில் பல வீடுகளில் கிடக்கும். கம்பெனி அப்டேட் நின்றதும் லீனியேஜ் ஓஎஸ் போன்ற கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி அல்லாத வெளியார் செய்த ஆண்ட்ராய்டு, போட ஆசை வரும். சரி, போடலாம். முதலில் ரோல்பேக் தடுப்பு, அதாவது பழைய சொஃப்ட்வேருக்குத் திரும்ப விடாத ஏற்பாடு, எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சிப்புக்குள் ஈ-ஃபியூஸ் என்ற நுண்ணிய உருகிகள் உண்டு. சில அப்டேட்களின்போது அவற்றில் ஒன்று எரியும். எரிந்தது எரிந்ததுதான், ரீசெட் அடித்தாலும் திரும்பாது. போன் எழும்பும்போது, அதை எழுப்பும் சொஃப்ட்வேரான பூட்லோடரின் எண் எரிந்த உருகிகளின் கணக்கைவிடக் குறைந்திருந்தால் அதோடு நின்றுவிடும். பழைய ஓட்டை வழியாகத் திருடன் நுழையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மாட்டுப்படுவது நாங்களும்தான்.

1. சாம்சங் என்றால் செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் சொஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன். பேஸ்பேண்ட் வெர்ஷன் வரியை வலப்பக்கம் இருந்து எண்ணுங்கள். ஐந்தாவதாக நிற்பதுதான் உங்கள் எண். 9 முடிந்தால் ஆங்கில எழுத்து வரும், பயப்பட வேண்டாம். தரவிறக்கிய ஃபேர்ம்வேரின் (கம்பெனியின் சொஃப்ட்வேர் கோப்பு) பெயரிலும் அதே இடத்தைப் பாருங்கள். உங்களுடையதைவிடக் குறைந்தால் தொடாதீர்கள். சாம்சங்கில் ஃபேர்ம்வேர் ஏற்றும் ஓடின் என்ற கணினி மென்பொருளில் போட்டாலும் எப்படியும் மறுக்கப்படும்.

2. ஷாவ்மி இப்படி மறுத்துவிட்டுச் சும்மா இருக்காது, போனே செத்துவிடும். 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்த பலருக்கு இதுதான் நடந்தது. போனை ஃபாஸ்ட்பூட் நிலையில் கணினியோடு இணைத்து 'fastboot getvar anti' என்ற கட்டளையைக் கொடுத்தால் எண் வரும். அந்த மொடலுக்கு 4 வந்தால் தடுப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

3. செட்டிங்ஸின் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் ஓஈஎம் அன்லாக் (பூட்லோடரின் பூட்டைத் திறக்க விடும் சுவிட்ச்) இருக்கிறதா? கனடாவுக்கென்று விற்ற சாம்சங்கில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் இத்தோடு விடுங்கள், பணம் வாங்கித் திறந்து தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள்.

4. இனித்தான் பொறி. கஸ்டம் ரோம் கோப்பில் பெரும்பாலும் பூட்லோடர் இருக்காது, அதனால் அது தானாக இந்தத் தடையில் முட்டாது. ஆனால் பழைய வழிகாட்டிகளில் 'முதலில் ஆண்ட்ராய்டு 11க்குத் திரும்புங்கள்' என்று ஒரு வரி இருக்கும். அங்கேதான் போன் போகும். உங்கள் இப்போதைய ஃபேர்ம்வேருக்கு மேலேயே ஏறக்கூடிய ரோமைத் தேடுங்கள், இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

5. பிக்சல் 6 வரிசைக்கு 2022இல் ஆண்ட்ராய்டு 13ஓடு தடுப்பு வந்தது. அதில் சொஃப்ட்வேர் இருக்க இரண்டு இடம் (ஸ்லொட்) உண்டு, ஒன்றில் புதியது இருந்தாலும் மற்றதில் பழைய பூட்லோடர் கிடக்கலாம். இரண்டிலும் புதியதை ஏற்றிவிட்டே ரோமைத் தொடுங்கள். லேப்டாப்பில் முழுச் சார்ஜ் இருக்கட்டும், கரண்டை நம்ப முடியாது.