கூடு கட்டுவது யார், ஊட்டுவது யார்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் மழைக்காலத்தில் பனையோலை நுனியெல்லாம் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். சில கூடுகள் அரைகுறையாக, ஹெல்மெட்டைத் தொங்கவிட்டு அடியில் நாடா கட்டியது போல இருக்கும். 'குருவி விட்டுட்டுப் போயிடுச்சு' என்று அதை அறுத்து வந்து வீட்டில் அழகுக்கு மாட்டுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஆண் பாதி கட்டி நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடுகிற கட்டம் அது. பெண் வந்து உள்ளே ஏறிப் பார்த்துச் சம்மதித்தால்தான் மீதி வேலை நடக்கும், வாசலுக்கு நீண்ட குழலும் வரும்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டுகிறதே, நல்ல அப்பாவாக இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. பெண் முட்டையில் உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடும். அடைகாப்பது பெண், ஊட்டுவதும் பெரும்பாலும் அதுதான். பள்ளி மேடையில் பொறுப்பான அப்பாவுக்கு உதாரணம் சொல்கிறவர்கள் வேறு பறவையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நெல்லியாம்பதி மலையில் இருக்கிறது அந்தப் பறவை. கேரளத்தின் மாநிலப் பறவையான மலைமுழக்கி வேழாம்பல். நமக்குப் பெரிய இருவாச்சி. 'ஆண் தன் ஜோடியைப் பொந்தில் பூட்டி வைக்கும்' என்பார்கள். உண்மையில் தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் பூசி வாசலை அடைப்பதில் பெரும்பங்கு பெண்ணுடையது. அலகு நீட்டும் அளவுக்குத்தான் பிளவு. ஆண் தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அலகு நுனியால் கொடுக்கும். கேமராவோடு அந்த மரத்தடியில் நின்றால் அது கிட்டே வரத் தயங்கும். பட்டினி உள்ளே இருப்பவர்களுக்கு. பெண் வெளியே வந்துவிட்டதே, இனிப் போகலாம் என்றும் கிளம்பிவிடாதீர்கள். குஞ்சு வாசலை மறுபடி பூசிக்கொண்டு உள்ளேயே இருக்கும். அப்புறம் அப்பா, அம்மா இருவரும் ஊட்டுவார்கள்.

நிறத்தை வைத்தும் ஏமாறக் கூடாது. வயலோரச் சேற்றில் திரியும் மயில் உள்ளானில், செம்பழுப்புக் கழுத்தோடு பளிச்சென்று இருப்பது பெண். முட்டையிட்டுவிட்டு அது வேறு துணை தேடிப் போகும். மங்கலான ஆண் அடைகாத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும். மயிலில் நேரெதிர். சூலனூர்ச் சரணாலயத்தில் தோகை விரித்து ஆடுகிற ஆசாமி குஞ்சுப் பக்கமே போகமாட்டார்.

புறா வளர்ப்பவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. குஞ்சு பொரித்ததும், தாய் இருந்தால் போதும் என்று ஆணை விற்றுவிடுவது. பகலில் பல மணி நேரம் அடைகாத்ததே அதுதான். புறாப்பால் ஆண், பெண் இரண்டின் தொண்டைப் பையிலும் சுரக்கும். முதல் சில நாள் குஞ்சுக்கு வேறு தீனி கிடையாது. விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால், குஞ்சு தானாகத் தானியம் கொத்துகிற வரை பொறுங்கள்.