பரோயே தீவுகளில் மலை நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோயே தீவுகளின் மிக உயர்ந்த சிகரம் ஸ்லத்தாரத்திந்தூர். உயரம் 880 மீட்டர். இவ்வளவுதானே என்று எண்ணிப் புறப்படுவதுதான் முதல் தவறு. ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, 62 டிகிரி வட அட்சத்தில் கிடக்கும் இந்த 18 தீவுகளில் எங்கே நின்றாலும் கடல் 5 கிலோமீட்டருக்குள் இருக்கும். காற்றை மறிக்க மரக்கூட்டம் கிடையாது. கடலிலிருந்து கிளம்பும் மூடுபனி சில நிமிடங்களில் மலையை விழுங்கிவிடும். ஆபத்து உயரத்தில் இல்லை. ஈரப்புல்லிலும் மூடுபனியிலும் காற்றிலும் இருக்கிறது.

ஆட்டுத்தடத்தைப் பாதை என்று நம்புவது

அதிகம் பேர் வழி தவறுவது இதனால்தான். மலையெங்கும் செம்மறிகள் மேய்கின்றன. அவை நடந்து நடந்து விழுந்த தடம், பார்வைக்கு மனிதர் போட்ட ஒற்றையடிப் பாதை போலவே இருக்கும். குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆட்டுத்தடம் ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலம்தான்; சரிவின் குறுக்கே மேலேறாமல் கீழிறங்காமல் ஒரே மட்டத்தில் ஓடும்; சட்டென்று இரண்டாக, மூன்றாகப் பிரியும்; ஓரத்துப் புல்லில் கம்பளி இழை சிக்கியிருக்கும். ஆட்டுக்குப் போதுமான பாறை விளிம்பில் போய் முடியும், நமக்கு அங்கே திரும்பக்கூட இடம் இருக்காது.

ஊர்களை இணைத்த பழைய பாதைகளுக்கு அடையாளம் கற்குவியல்கள். 'வர்டி' என்பார்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி அடுக்கியவை. மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணில் படும் கடைசிக் குவியலிலேயே நில்லுங்கள். இருவராக இருந்தால் ஒருவர் குவியலருகே நிற்க, மற்றவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் அடுத்ததைத் தேடலாம். கிடைக்கவில்லை என்றால் குரலைப் பிடித்துத் திரும்ப வேண்டும். தனியாக இருந்தால் அங்கேயே காத்திருங்கள், அல்லது வந்த குவியல்கள் வழியே இறங்குங்கள். பொழுதுபோக்குக்காகப் புதிய குவியல் கட்டுவதும், இருப்பதிலிருந்து கல்லை எடுப்பதும் அடுத்து வருபவரின் உயிரோடு விளையாடுவது.

மூடுபனியில் "நேராகக் கீழே இறங்கினால் சாலை வந்துவிடும்" என்ற கணக்கு இன்னும் மோசம். இம்மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தவை. பாறைச் சுவர், புல்திட்டு, மறுபடி பாறைச் சுவர் என்று படிக்கட்டுபோல் இறங்கும். மேலிருந்து பார்ப்பவருக்குப் புல் மட்டுமே தெரியும், நடுவில் உள்ள சுவர் தெரியாது.

ஈரப்புல்லும் காற்றும்

செங்குத்தான சரிவில் நனைந்த புல் எண்ணெய் தடவிய ஓடு மாதிரி. ஒருமுறை சறுக்கினால் பிடித்து நிற்க அங்கே புதர்கூட இல்லை. தேய்ந்த அடிப்பாகமுள்ள ஓட்டக் காலணியோடு போகாதீர்கள். ஆழமான பள்ளம் வெட்டிய, கணுக்காலை மூடும் நடைக்காலணி வேண்டும். இறங்கும்போது முழு எடையையும் குதிகாலில் போட்டுச் சாய்வதால்தான் பலர் விழுகிறார்கள். முழங்காலை மடக்கி, அடியைச் சிறிதாக்கி, கால் முழுவதும் பதியும்படி வையுங்கள்.

காற்றின் வேகத்தை அங்கே வினாடிக்கு மீட்டரில் சொல்வார்கள். 10 என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் முகட்டுப் பாதையையும் கடற்பாறை விளிம்பையும் விட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கால்சோய் தீவின் கலங்கரை விளக்கத்தை அடுத்த குறுகிய முகடும், ட்ரேலனீபா பாறையும் படத்துக்காக ஓரத்துக்கு இழுக்கும் இடங்கள். ட்ரேலனீபா கடலிலிருந்து 142 மீட்டர். விளிம்பில் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் படுத்துக்கொண்டு பாருங்கள்.

ஜூலையிலும் சராசரி வெப்பம் 11 டிகிரியை ஒட்டித்தான். ஜீன்ஸ், பருத்திச் சட்டை நனைந்தால் நடை முடியும்வரை காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை, பையில் மாற்றுக் காலுறை. குடை வேண்டாம், முதல் திருப்பத்திலேயே மடங்கிவிடும்.

பருவக் கணக்கு

ஜூனில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். டிசம்பரில் 5 மணி நேரம். "வெளிச்சம்தான் இருக்கிறதே" என்று மாலையில் ஏறத் தொடங்குவது கோடைத் தவறு: மூடுபனிக்கு வெளிச்சம் ஒரு பொருட்டல்ல, களைத்த காலுக்கும் அப்படியே. மே முதல் செப்டம்பர் வரை நடைக்கு ஏற்றது. ஆகஸ்ட் முடியும்போது பஃபின் பறவைகள் கிளம்பிவிடும் என்பதால் அவற்றுக்காக மிச்சினஸ் தீவுக்குப் போகிறவர்கள் ஜூன், ஜூலையில் போக வேண்டும். அலை அதிகமானால் அந்தத் தீவுக்கான படகு நின்றுவிடும்; நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் மிச்சினஸை வைக்காதீர்கள்.

கூடு கட்டும் மாதங்களில் ஆலா என்னும் கடற்பறவைகள் தலையைக் கொத்த வரும். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அதைத்தான் தாக்கும். அப்படியே விலகிச் செல்லுங்கள். பஃபின் மண்ணுக்குள் பொந்து தோண்டி முட்டையிடுகிறது. பாதையை விட்டு ஓரடி வைத்தாலும் பொந்து இடிந்து குஞ்சு புதைந்துபோகலாம்.

சாக்சுன் என்ற ஊரில் வற்றுநேரத்தில் மணல்வழியே கடல்வரை நடக்கலாம். தலைநகர் டோர்ஸ்ஹாவனுக்கான ஓத அட்டவணையைப் பார்த்துப் போவது வீண். அங்கே நீர்மட்டம் ஏறி இறங்குவதே மிகக் குறைவு, தீவுக்குத் தீவு நேரமும் மாறும். ஊரில் விசாரித்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, ஏறத் தொடங்குமுன் திரும்புங்கள்.

நிலம் யாருடையது

இது பொதுப் பூங்கா அல்ல. ஆடு மேய்ப்பை முறைப்படுத்தும் 'ஆட்டுச் சாசனம்' 1298-இலேயே எழுதப்பட்ட நாடு. ஊரை ஒட்டிய கல்வேலிக்குள் இருப்பது வைக்கோல் புல். அதை மிதித்தால் குளிர்கால ஆட்டுத் தீவனம் போயிற்று. வேலிக்கு வெளியே மேய்ச்சல் நிலம். பாதை இரண்டின் ஊடாகவும் போகும், அதைவிட்டு விலகக் கூடாது. கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள். சில பாதைகளுக்கு நில உரிமையாளர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். சிலவற்றுக்கு வழிகாட்டி கட்டாயம். குட்டி போடும் வசந்தத்திலும் ஆடுகளை ஓட்டிச் சேர்க்கும் இலையுதிர் காலத்திலும் பாதை மூடியிருக்கலாம், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதியில்லை. அதற்கென்ற முகாம் திடலில்தான் தங்க வேண்டும்.

முதல் நாளுக்கு டோர்ஸ்ஹாவனிலிருந்து கிர்க்யுபோவூர் வரையுள்ள சுமார் 7 கிலோமீட்டர் பாதை நல்லது. கற்குவியல்களைப் பின்பற்றிப் பழக அது போதும். காசடாலூர் என்ற ஊருக்குத் தபால்காரர் நடந்த பழைய மலைப்பாதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மறுபக்க இறக்கம் செங்குத்து. மழை பெய்திருந்தால் வந்த வழியே திரும்பாமல் சுரங்கப்பாதை வழியாக வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். புறப்படுமுன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவையுங்கள். அவசர எண் 112.