ஐஸ் போதையில் இருப்பவருக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

இலங்கையில் ‘ஐஸ்’ என்றும் தமிழ்நாட்டில் ‘மெத்’ என்றும் புழங்கும் மெத்தாம்பெட்டமைன் மதுவைப் போலத் தள்ளாட வைப்பதில்லை. விழிப்பையும் வேகத்தையும் கூட்டுவதால், நிலைமை முற்றும் வரை வீட்டாருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருட்கள் அளவுமீறிச் சுரப்பதால் இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் மூன்றும் ஒருசேர ஏறுகின்றன. உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும்.

முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். உடல் அனலாகச் சுட்டாலோ, நெஞ்சுவலி, வலிப்பு, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் செயலிழப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ, தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழையுங்கள். இருபது வயதுக்காரருக்கும் இதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வருவதுண்டு என்பதால், வாயுப்பிடிப்பு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வண்டி வரும்வரை சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் வையுங்கள். ஹெராயினின் விளைவை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருப்பதுபோல இதற்கு முறிமருந்து கிடையாது. உடலைக் குளிர்வித்து, அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பதே மருத்துவமனையில் நடக்கும் முதல் சிகிச்சை. என்ன உட்கொண்டார், எப்போது, மதுவும் சேர்ந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடும்ப மானம் கருதி மறைக்கப்படும் இந்தத் தகவல்தான் பல நேரங்களில் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது.

நாள்கணக்கில் உறங்காதவருக்குக் காதில் குரல்கள் கேட்கலாம். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளலாம். பெற்ற தாயே தன்னைக் கொல்லப் பார்ப்பதாக நம்பலாம். அவர் சொல்வதை மறுத்து வாதிடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுங்கள். தொலைக்காட்சியை நிறுத்தி, கத்தி, அரிவாள்மனை போன்றவற்றை அப்புறப்படுத்தி, வெளியேறும் வழியை மறிக்காமல் நில்லுங்கள். கட்டிப்போடுவதும் குப்புற அழுத்திப் பிடிப்பதும் உயிருக்கே ஆபத்து. திமிறத் திமிற உடல் வெப்பம் ஏறும், மூச்சும் தடைபடும். பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்வோரைக் குறை கூறுவதற்கில்லை, ஆனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

போதை இறங்கிய பின் வரும் நாட்களில் நீண்ட தூக்கமும் அடங்காத பசியும் கடும் மனச்சோர்வும் உண்டாகும். ‘தெளிந்துவிட்டான்’ என்று வீடு ஆசுவாசப்படும் அந்தச் சமயத்தில்தான் தற்கொலை எண்ணம் வலுக்கக்கூடும் என்பதால், அவரைத் தனியே விடாதீர்கள். தூங்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய மனநல உதவி எண்களை அழைக்கலாம்.

இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்கென உறுதிசெய்யப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. தொடர்ந்த உளவியல் ஆலோசனையே முதன்மைச் சிகிச்சை. இந்தியாவில் போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண் உள்ளது. மருத்துவருடனான முதல் சந்திப்பிலேயே இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஊசி வழியாக ஏற்றிக்கொண்டவராயின் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.