பத்தி புரிந்ததா? ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கான திருப்புதல் வழிமுறை

தங்குதடையின்றி வாய்விட்டுப் படிக்கும் மாணவர் பலருக்குப் படித்ததன் பொருள் மனத்தில் பதிவதில்லை என்பதை, ஆறாம், ஏழாம் வகுப்புகளில் தமிழ் கற்பிப்பவர்கள் நன்கு அறிவார்கள். ஆயினும் திருப்புதல் வேளையில் மனப்பாடப் பாடலுக்கும் இலக்கணத்துக்கும் கிடைக்கும் நேரம் 'பத்தியைப் படித்து விடையளிக்க' என்னும் பகுதிக்குக் கிடைப்பதில்லை. விடை பத்தியிலேயே இருக்கிறது, பார்த்து எழுதிவிடுவார்கள் என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். பொருள் புரியாமலேயே பார்த்து எழுதிவிட முடிகிறது என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

'மிலுவன் நேற்றுச் சமுளியைத் தொமுக்கினான்' என்று கரும்பலகையில் எழுதி, 'சமுளியைத் தொமுக்கியவன் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'நேற்று' என்பதைத் தவிர அந்தத் தொடரில் பொருளுள்ள சொல்லே இல்லை; இருந்தும் வகுப்பே 'மிலுவன்' என்று விடை சொல்லும். பத்தியின் சொற்களையே திருப்பிப் போட்டுக் கேட்கும் வினா, வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் கண்டுகொள்ளும் பழக்கத்தைச் சோதிக்கிறதே அன்றிப் புரிதலைச் சோதிப்பதில்லை.

முதலில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களைப் பிரித்தறிய வேண்டும். குழந்தைகளின் படிப்புத்திறனை வீடு வீடாகச் சென்று அறிவதற்காக 2005ஆம் ஆண்டு தொடங்கிய அசர் (ASER) ஆய்வில், எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்ற வரிசையில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே படிக்கச் செய்வார்கள். அதே வரிசை வகுப்பறைக்கும் போதும். கதையைத் தடுமாறாமல் படிக்க இயலாத மாணவருக்கு முதலில் வேண்டியது படிக்கும் பயிற்சி. அவரைப் புரிதல் வினாக்களால் வாட்டுவதில் பயனில்லை. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்காகத் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் பள்ளியில் இருந்தால் அவற்றைக் கொண்டே இதைச் செய்யலாம். மேல்வகுப்பு மாணவருக்குக் கூச்சம் ஏற்படாதபடி தனியாகச் செய்வது நல்லது.

தடையின்றிப் படிப்பவர்களுக்கு, பாடநூலில் இல்லாத ஒரு சிறு பத்தியைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக:

'மழைக்காலம் நெருங்கியதும் ஆண் தூக்கணாங்குருவி, கிழித்தெடுத்த புல்லாலும் ஓலைக்கீற்றாலும் கூடு பின்னத் தொடங்குகிறது. கூடு பாதி முடிந்த நிலையில் பெண் குருவி வந்து பார்க்கும். அதற்குப் பிடித்திருந்தால் ஆண் குருவி எஞ்சிய பகுதியைக் கட்டி முடிக்கும். இக்கூடுகள் பெரும்பாலும் கிணற்றின் மேலோ குளத்தின் மேலோ நீண்டிருக்கும் கிளைகளில் தொங்குவதால், பகை உயிர்கள் அவற்றை எளிதில் நெருங்க இயலுவதில்லை.'

'கூடு கட்டத் தொடங்குவது எந்தக் குருவி?' என்பது நேரடி வினா. அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, 'அதற்குப் பிடித்திருந்தால் என்னும் இடத்தில் அது என்பது எதைக் குறிக்கிறது?' என்று கேளுங்கள். 'கூட்டை' என்றோ 'ஆண் குருவியை' என்றோ விடை வந்தால், அந்த மாணவர் தொடர்களைத் தனித்தனியே படித்திருக்கிறார், முந்தைய தொடரோடு இணைத்துப் படிக்கவில்லை என்று கொள்ளலாம். சுட்டுப்பெயர்களும் 'தன்', 'தம்' போன்ற சொற்களும் வரும் இடங்களில் அடிக்கோடிடச் செய்து, அவை குறிக்கும் பெயரை மேலே எழுதச் செய்யும் பயிற்சியைப் போல வேறெதுவும் இக்குறையைத் தீர்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. 'ஆனால்', 'எனினும்', 'ஆகையால்' ஆகிய இணைப்புச் சொற்களையும் அவ்வாறே வட்டமிடச் செய்யலாம்.

அடுத்து, பத்தியில் எழுதப்படாத விடையைக் கேட்க வேண்டும். 'குளக்கரை மரத்தில் பாதியில் நின்றுபோன கூடு ஒன்று தொங்குகிறது. அதற்கு என்ன காரணம் இருக்கலாம்?' என்ற வினாவுக்குப் பார்த்து எழுத வரி இல்லை. 'பெண் குருவிக்குப் பிடிக்கவில்லை போலும்' என்பவர் புரிந்துகொண்டவர். 'காற்றில் பிய்ந்திருக்கும்' என்பவரைத் தவறு என்று உடனே அடக்கிவிடாமல், 'அப்படி நினைக்கப் பத்தியில் எந்த வரி இடம் தருகிறது?' என்று கேளுங்கள். விடையைவிட இந்த எதிர்வினாவே மாணவரை மீண்டும் பத்திக்குள் அனுப்புகிறது. ஆகவே சரியான விடை சொன்னவரிடமும் இதைக் கேட்பது நலம்.

மையக்கருத்தைச் சோதிக்கத் தலைப்பிடச் சொன்னால் பலர் 'தூக்கணாங்குருவி' என்று எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். அது பொருளின் பெயர் மட்டுமே. 'அதைப் பற்றி இந்தப் பத்தி என்ன சொல்கிறது?' என்று தொடர்ந்து கேட்டு, ஒரே தொடரில் விடை வாங்குங்கள்.

இந்தப் பயிற்சியில் பேச்சுத்தமிழைத் தடுக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 'பொம்பளக் குருவிக்குப் புடிச்சாத்தான் மிச்சத்தக் கட்டும்' என்று சொல்லும் குழந்தைக்குப் பத்தி முழுமையாகப் புரிந்திருக்கிறது. அவ்விடத்தில் உச்சரிப்பைத் திருத்தினால் அடுத்த முறை அக்குழந்தை வாய் திறக்காது. எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுவதைத் தனி வேலையாகப் பின்னர் கொடுக்கலாம். 'எஞ்சிய' என்ற சொல் தெரியாமல் தடுமாறுபவருக்கும் உடனே பொருள் சொல்லிவிடாமல், முன்பின் தொடர்களைக் கொண்டு ஊகிக்க விடுங்கள். பாதி முடிந்ததைக் கட்டி முடிக்க வேண்டுமானால் மீதியைத்தானே கட்ட வேண்டும் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

மதிப்பெண் இடுவதைவிட, நேரடிச் செய்தி, சுட்டு, காரணம், ஊகம், மையக்கருத்து ஆகியவற்றுள் எது எவருக்குத் தடுக்கிறது என்று பெயர்ப்பட்டியலில் குறித்து வைப்பது பயனுள்ளது. சுட்டில் தடுமாறுபவரும் ஊகத்தில் தடுமாறுபவரும் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். அவர்களுக்குத் தரவேண்டிய பயிற்சியோ வேறு வேறு. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்கும்போது தூக்கணாங்குருவியை விட்டுவிட்டு, கிணறு வெட்டுதல், உப்பளம், தபால் பட்டுவாடா என வேறொரு பொருளில் புதிய பத்தியை எடுத்துக்கொண்டு, வினா வகைகளை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்தியையே கொடுத்தால் மாணவர் நினைவிலிருந்து விடை சொல்கிறாரா, படித்துப் புரிந்து சொல்கிறாரா என்று பிரித்தறிய இயலாது.