முதலில் உங்கள் சம்பளத்தை எழுதுங்கள்

குடும்பத் தொழில் ஒன்றின் கணக்கைப் பார்க்க யாராவது அழைத்தால், லாப நட்டக் கணக்கை நான் முதலில் கேட்பதில்லை. எடுப்புக் கணக்கைத்தான் கேட்பேன். முதலாளியும் வீட்டாரும் தொழிலிலிருந்து எப்போது, எவ்வளவு, எதற்காகப் பணம் எடுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பது ‘வீட்டுச் செலவு’, ‘கைச்செலவு’, ‘தம்பி வாங்கியது’ என்ற வரிகள்தான். தம்பி எதற்கு வாங்கினார் என்று கேட்டால் அண்ணன் சுவரைப் பார்ப்பார்.

ஆகவே உங்களுக்கே ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு? உங்கள் இடத்தில் வெளியாள் ஒருவரை உட்கார வைத்தால் என்ன கொடுக்க வேண்டியிருக்குமோ, அவ்வளவு. மனைவி கணக்கு எழுதுகிறார், மகன் கொள்முதல் பார்க்கிறான் என்றால் அவர்களுக்கும் அதே அளவுகோல். “நம் பிள்ளைக்கு எதற்குச் சம்பளம், நாளைக்கு எல்லாம் அவனுக்குத்தானே” என்று பதில் வரும். அந்த நாளை வரும்வரை, முப்பத்தைந்து வயதிலும் அவன் செலவுக்கு அப்பாவிடம் கை நீட்டிக்கொண்டிருப்பான். பிறகு ஒருநாள், பிறருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, ஏன் தடுமாறுகிறான் என்று கேட்போம்.

சம்பளத்தை எழுதினால்தான் லாபம் உண்மையா என்பதும் தெரியும். ஆண்டு முடிவில் 100 லாபம் என்று வையுங்கள். சம்பளமில்லாமல் உழைத்த மூன்று பேருக்கு வெளியே கிடைத்திருக்கக்கூடிய ஊதியம் 120 என்றால், அந்தத் தொழில் 20 நட்டத்தில் ஓடுகிறது. சொந்தக் கட்டடத்தில் இருந்தால் வாடகையையும் இதேபோலக் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் தொழில் தரும் லாபம். அதுவரை நீங்கள் பார்த்தது உங்கள் உழைப்புக்கும் உங்கள் இடத்துக்கும் கிடைத்த கூலி, அதுவும் குறைந்த கூலி.

சம்பளம் உழைப்புக்கு, லாபப் பங்கு போட்ட முதலுக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் வீட்டில் சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ரெனாட்டோ டகியூரியும் ஜான் டேவிஸும் இதற்கு ஒரு படம் வரைந்தார்கள்: ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள். ஒன்று குடும்பம், ஒன்று உடைமை, ஒன்று நிர்வாகம். ஒரு தாளை எடுத்து அதை வரைந்து, வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் இடத்தில் எழுதிப் பாருங்கள். வேறு ஊரில் ஆசிரியராக இருக்கும் தங்கைக்குப் பங்கு இருக்கிறது, வேலை இல்லை. அவர் குடும்பத்திலும் உடைமையிலும் இருக்கிறார். ஆண்டுக் கணக்கைப் பார்க்கவும் லாபத்தில் தன் பங்கைக் கேட்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. எந்தச் சரக்கை யாரிடம் வாங்குவது என்று சொல்ல உரிமை இல்லை. பங்கே இல்லாமல் வேலை மட்டும் செய்யும் மருமகனுக்கு நிலைமை நேர் எதிர். பல ஆண்டுகளாக உடனிருக்கும் மேலாளர் நிர்வாக வட்டத்தில் மட்டும் இருக்கிறார். “நீயும் நம் வீட்டுப் பிள்ளைதான்” என்ற வாக்கியம் அவருக்குச் சம்பள உயர்வுக்குப் பதிலாகச் சொல்லப்படுவதைப் பல அறைகளில் கேட்டிருக்கிறேன். வேண்டாம், சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள்.

தலைமை என்றதும் ஆளுமை, தொலைநோக்கு என்றெல்லாம் பேசுவார்கள். எனக்கு நினைவுக்கு வருவது கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவரின் சட்டைப்பை. அதில் இரண்டு சீட்டுகள் இருந்தன. அண்ணன் எழுதிக் கொடுத்தது ஒன்று, தம்பி எழுதிக் கொடுத்தது ஒன்று. இரண்டிலும் அதே லாரி, அதே காலை நேரம்; முகவரிதான் வேறு. என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “யார் முதலில் போன் செய்து சத்தம் போடுகிறாரோ, அவருக்கு அனுப்புவேன்” என்றார். அந்த நிறுவனத்தை யார் நடத்துகிறார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கு மருந்து எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். எந்தத் துறை யாருடையது என்று எழுதி எல்லா ஊழியருக்கும் தெரியப்படுத்துங்கள். மற்றவர் துறை ஊழியருக்கு நேரடியாக உத்தரவு கொடுக்கக் கூடாது, அப்பாவும்கூட. ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு தினமும் வந்து உட்காரும் அப்பாதான் இதை அதிகம் மீறுவார். அவருக்கு ஆலோசகர் என்ற பெயரும், வாரம் ஒருமுறை கூட்டத்தில் பேசும் நேரமும் கொடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்த முடிவையும் அந்தக் கூட்டத்திலேயே எடுத்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சாப்பாட்டு மேசையில் எடுத்த முடிவு முடிவாகாது என்றும் அதிலேயே முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். நல்ல லாபத்தில் இருக்கும் நிறுவனம் சம்பள நாளில் திண்டாடுவதை அடிக்கடி பார்க்கலாம். சரக்கு கிடங்கில் 40 நாள் கிடக்கிறது. வாங்கியவர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார். உங்களுக்குச் சரக்கு தந்தவருக்கு 30 நாளில் நீங்கள் கொடுத்தாக வேண்டும். 40ஐயும் 60ஐயும் கூட்டி 30ஐக் கழித்தால் 70 நாள். அந்த 70 நாளும் உங்கள் பணம் வெளியே இருக்கிறது. தினமும் 10 அளவுக்குக் கொள்முதல் என்றால் 700 முடங்கியிருக்கிறது. வியாபாரம் இரட்டிப்பானால் 1,400. அதனால்தான் பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் சிலர் மூழ்கிப்போகிறார்கள். புதிய கடனுக்கு ஓடும் முன் இந்த மூன்று எண்களையும் கணக்கிடுங்கள். வசூலை 60லிருந்து 45 நாளாகக் குறைத்தால் கிடைக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது.

கூடவே 13 வாரங்களுக்கு ஒரு அட்டவணை போடுங்கள்: வாரம் ஒரு கட்டம், அந்த வாரம் கைக்கு வரும் ரொக்கம், போகும் ரொக்கம், மீதி. வரும் என்று நம்புவதை எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளர் வழக்கமாக எப்போது தருவாரோ, அந்த வாரத்தில் எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவையுங்கள். அது அரசின் பணம், உங்களிடம் தங்கிச் செல்கிறது.

தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. 75க்கு வாங்கி 100க்கு விற்கும் பொருளில் 10 தள்ளுபடி கொடுத்தால், லாபம் 25லிருந்து 15ஆகிறது. முன்பு 100 உருப்படிகள் விற்றுச் சம்பாதித்ததை இப்போது சம்பாதிக்க 167 விற்க வேண்டும். உறவினருக்கு, நண்பருக்கு, நண்பரின் உறவினருக்கு என்று கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கலாம்.

கடனைப் பொறுத்தவரை நான் சொல்வது கொங்கோ குமியின் கதை. ஜப்பானில் 578இல் கோயில் கட்டத் தொடங்கிய தச்சர் குடும்பம் அது. தகுதியான மகன் இல்லாதபோது மருமகனுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்துத் தலைமையை ஒப்படைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் தொழில் நிலைத்து நின்றது. 1980களில் நில விலை ஏறிக்கொண்டிருந்தபோது கடன் வாங்கி நிலத்தில் போட்டார்கள். விலை சரிந்தது, கடன் அப்படியே இருந்தது. 2006இல் தொழில் வேறொரு கட்டுமானக் குழுமத்தின் கைக்குப் போனது. ஆகவே உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எதற்கும் தொழிலின் பெயரில் கடன் வாங்குவதென்றால், எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். யார் எந்தக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டிருக்கிறார் என்ற பட்டியலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். வீட்டை அடகு வைத்த செய்தி அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கடைசியில் தெரிவது நியாயமே அல்ல.

இன்னும் ஒன்று, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் காலத்திலேயே செய்ய வேண்டியது. ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் பங்கை யார் வாங்கலாம், எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்று வழக்கறிஞரை வைத்து எழுதிவையுங்கள். கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தை எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்ட ஓர் எண்ணால் பெருக்குவது ஒரு வழி. எல்லோரும் ஏற்கும் வெளி மதிப்பீட்டாளரிடம் விடுவது இன்னொரு வழி. முழுத் தொகையையும் ஒரே நாளில் கேட்டால் தொழிலே விழுந்துவிடும், ஆகவே சில ஆண்டுத் தவணை தேவை. எழுதி முடித்ததும், போன ஆண்டுக் கணக்கை அதில் போட்டு ஒவ்வொருவர் பங்குக்கும் என்ன வருகிறது என்று பாருங்கள். விற்பவராக நினைத்தால் தொகை கொஞ்சம் குறைவாகவும், வாங்குபவராக நினைத்தால் கொஞ்சம் அதிகமாகவும் எல்லோருக்கும் தோன்றினால் கையெழுத்திடலாம்.