பவளத்திட்டுச் சிறுமீன்கள்: கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளத்திட்டில் மீன் எண்ணப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: அளவுநாடாவை விரித்துப் போட்டு, அதற்கு மேலாகவே நீந்தி, கண்ணில் பட்டதையெல்லாம் பலகையில் குறித்துக்கொள்வது. களவாவுக்கும் கிளிமீனுக்கும் இது சரி. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத உளுவை, பிளென்னி போன்ற சிறுமீன்கள் இந்தக் கணக்கில் சிக்காது. பொந்துகளிலும் பவளக் கிளைகளுக்கு இடையிலும் நிறத்தோடு நிறமாக ஒட்டிக் கிடப்பவை அவை. அவற்றை எண்ண, ஒரு சிறு பரப்பைப் பொடிக்கண் வலையால் மூடி, உள்ளே கிராம்பு எண்ணெய்க் கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீன்களைப் பொறுக்க வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை அது. ஆர்வக்கோளாறில் நாம் இறங்கினால் பவளத்துக்கும் கேடு.

சின்னதாக இருப்பதெல்லாம் குஞ்சு என்று நினைப்பது இன்னொரு தவறு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் எவியோட்டா சிகில்லாட்டா என்றொரு குள்ள உளுவை உண்டு. அதன் ஆயுளே அதிகபட்சம் 59 நாள்தான். முதல் மூன்று வாரம் லார்வாவாகத் திறந்த நீரில். அப்புறம் திட்டில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பருவமடைகிறது. மிச்சமுள்ள மூன்று வாரச் சொச்சத்தில்தான் இணை, முட்டை, காவல் எல்லாம். மீனின் உட்காதில் இருக்கும் காதுக்கல்லில் நாளுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களை எண்ணி ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து, 2005-இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணப் போனால், போன தடவை பார்த்த ஒன்றுகூட உயிரோடு இருக்காது.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு, இந்தச் சிறுமீன்களை எடையை வைத்து மதிப்பிடுவது. ஒரு நேரத்தில் திட்டில் இருக்கும் மீன்களை நிறுத்தால் இவற்றின் பங்கு அற்பம்தான். ஆனால் தட்டில் நாலு வடைதான் இருக்கிறது என்பதற்காக அந்தக் கடையில் வியாபாரமே இல்லை என்று சொல்வோமா? இவை பிறந்த வேகத்தில் இரையாகின்றன, தின்னத் தின்ன அடுத்த கூட்டம் வந்து இறங்குகிறது. திட்டில் இரையாகும் மீன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் இவற்றுடையது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

பவளத்தில் சும்மா குடியிருப்பவை என்று இவற்றை ஒதுக்குவதும் சரியில்லை. ஃபிஜியில் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் மேல் நச்சுப் பாசி உரசினால், பவளம் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. கிளைகளுக்குள் இருக்கும் உளுவைகள் சில நிமிடங்களில் வந்து அந்தப் பாசியைக் கத்தரித்துவிடுகின்றன. அதில் ஓர் இனம் பாசியைத் தின்று, தன் தோலின் நஞ்சையும் கூட்டிக்கொள்கிறது. இந்த மீன்களை விட்டுவிட்டுப் பவளத்தின் நலத்தை மட்டும் தனியாக அளப்பது அரைகுறை வேலை.

உடைந்த பவளத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்துப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. துண்டின் அடிப்பக்கத்தில் முட்டைகள் ஒட்டியிருக்கலாம், பக்கத்திலேயே ஆண் காவல் நிற்கலாம். தொடாமல் பார்ப்பதே நல்லது. தெரியாமல் புரட்டிவிட்டால், அடிப்பக்கம் அடியிலேயே இருக்கும்படி அதே இடத்தில் திருப்பி வையுங்கள்.