‘பெட்டி’ என்ற சொல்லின் வேரைத் தேடும் வழி

ஒரு சொல்லின் பிறப்பைக் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் அகராதியைக் கொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் அவரவர் வீட்டுக் குசினிக்கும் அனுப்பிவைப்பேன். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் பெயரைத் தோண்டக் கூடாது என்பது, தமிழ் படிப்பித்த காலம் முழுவதும் நான் விடாமல் பிடித்திருந்த கொள்கை. ‘பெட்டி’யையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, அந்தச் சொல் வருகிற இடங்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவது. ரயில் பெட்டி, வாக்குப்பெட்டி, நெருப்புப்பெட்டி, சுருதிப்பெட்டி, இரும்புப்பெட்டி, சவப்பெட்டி. இவை ஒரு பக்கம் வரட்டும். மறுபக்கத்தைப் பனையோலைக்கு விடுங்கள்.

அந்தப் பக்கத்தில் அவசரப்பட வேண்டாம். நீத்துப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பலகை இல்லை, தகரம் இல்லை, மூலைகூட இல்லை. ஓலையை மெல்லிய வார்களாகக் கிழித்து இழைத்த ஒரு கூம்பு. கூர்ப்பக்கம் கீழாகக் கொதிக்கும் பானையின் வாயில் இறங்கி நிற்கும். இழைகளுக்கிடையே ஆவி ஏறிப் பிட்டை அவிக்கும். அடுத்துக் கொட்டப்பெட்டி: ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் சின்ன ஓலை உறை. வெற்றிலையும் சில்லறையும் வைத்து ஆச்சிமார் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். இவை இரண்டையும் பார்த்தவர், பெட்டி என்றால் நாற்கோணமாக, மூடியோடு இருக்க வேண்டும் என்று ஒருபோதும் சொல்லமாட்டார். உள்ளே ஒன்றை வைத்துக் காப்பதே அதன் பொருள். மரமும் இரும்பும் அதன் ஒரு கிளை மட்டுமே. பாளி மொழியில் ‘பிடகம்’ என்பது கூடை. பௌத்தர்களின் திரிபிடகம் மூன்று கூடைகள். ஓலைப் பெட்டி இழைக்கும் ஊரில் வளர்ந்தவருக்குக் கூடையும் பெட்டியும் அடுத்தடுத்த வீடுகள் என்பது விளக்காமலே விளங்கும்.

இதன் பிறகு அகராதி. மானிப்பாயில் 1842இல் அச்சான யாழ்ப்பாண அகராதியிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, அதன் பிறகு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். லெக்சிகனில் சில பொருள்களுக்குப் பக்கத்தில் ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். அது யாழ்ப்பாண வழக்கு என்பதற்கான குறி. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் சொற்களை நமக்கே காட்டித் தருகிற எழுத்து அது.

மூன்றாவது, அயல் வீடுகள். மலையாளத்திலும் பெட்டிதான். கன்னடத்தில் பெட்டிகே, தெலுங்கில் பெட்டெ, சிங்களத்தில் பெட்டிய. மராத்தியில் பேட்டி என்றால் பெட்டி மட்டுமல்ல, ஆர்மோனியமும்கூட. நாம் ஆர்மோனியப் பெட்டி என்பதுபோல. சம்ஸ்கிருதத்தில் பேடகம், பேடிகா. கடல் தாண்டினால் மலாய் மொழியில் ‘பெத்தி’ இருக்கிறது. அது தமிழிலிருந்து போனது. அங்கே ‘பெத்தி பெசி’ என்றால் நேர்ப்பொருள் இரும்புப்பெட்டி, பணம் வைக்கும் பெட்டகம். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பிய நம் பெரியவர்கள் அங்கே அன்றாடம் கேட்ட சொல் இது. எந்த மொழியில் எந்த வடிவம், எந்தப் பொருள் என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பும்வரை “இது தூய தமிழ்” என்றோ “வடசொல்” என்றோ தீர்ப்பு எழுதாதீர்கள். மேடையில் கைதட்டு வாங்குவதற்காக வேரை வளைப்பவர்கள் மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு.

உறவு உண்டா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை: சொல்லுக்கு நம் மொழியில் கூடப்பிறந்தவை இருக்கின்றனவா? பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டகம் நிற்கிறது. அலுமாரிக்கு அப்படி யாரும் இல்லை. போர்த்துக்கேயரின் ‘அர்மாரியு’ அது. மேசையின் இழுப்பறையை நாம் சொல்லும் ‘லாச்சி’ ஒல்லாந்தரோடு வந்தது. யாழ்ப்பாணம் 1619 முதல் போர்த்துக்கேயர் கையிலும் 1658 முதல் ஒல்லாந்தர் கையிலும் இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை.

ஒலி ஒத்தால் உறவு என்று நம்பிவிட வேண்டாம். மனுவுக்கு நாம் சொல்லும் ‘பெட்டிசம்’, பெட்டியில் போடுவதால் வந்த பெயர் அல்ல. வேண்டிக் கேட்பதைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து ஐரோப்பியர் வழியே வந்த சொல் அது. கடகமும் அப்படித்தான்: ராசி, கைவளை, ஓலைக் கூடையான கடகம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

கடைசியாக, கொப்பியில் ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே அதைச் சொன்னவரின் ஊர், வயது, தொழில் மூன்றையும் எழுதுங்கள். ஓலை இழைக்கிறவர் சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் ஒன்றாக இராது. அது முடிந்ததும் அடுத்த பக்கத்தில் ‘பேணி’ என்று தலைப்பிட்டு, மூக்கு வைத்த குவளையான மூக்குப்பேணியிலிருந்து தொடங்கலாம்.